கொம்புப் பிடியில் பதிந்த கணக்கு

வேட்டையாடுகிறவர்களுக்குள் இன்று ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் ஒன்று உண்டு. எவ்வளவு தூரத்திலிருந்து ஒரு விலங்கைச் சுடலாம்? முந்நூறு கஜமா, அறுநூறா, ஆயிரமா? தொலைநோக்கி பொருத்திய ரைஃபிளும், தூரத்தை அளந்து சொல்லும் லேசர் கருவியும், காற்றுக்கும் சரிவுக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் செயலியும் கைக்கு வந்துவிட்டன. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆயிரம் கஜத்துக்கு அப்பாலிருந்து மானை வீழ்த்திவிட்டு அதைப் படம்பிடித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இது வேட்டையே அல்ல என்று சொல்லும் வேட்டைக்காரர்களும் அங்கேயே இருக்கிறார்கள்.

எதிர்ப்பவர்கள் முக்கியமாக இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். முதலாவது, குண்டு பறக்கும் நேரம். இன்றைய வேகமான ரைஃபிளிலிருந்து கிளம்பும் குண்டுக்கும் ஆயிரம் கஜத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகிறது. அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் போய் விழும். வயிற்றில் அடிபட்ட விலங்கு உடனே சாகாது. சுட்டவன் அந்த இடத்துக்கு நடந்து வந்து சேர்வதற்குள் அது எங்கோ புதருக்குள் போய்க் கிடந்து பல மணி நேரம் துடிக்கும். இரண்டாவது, நியாயமான வேட்டை என்ற கருத்து. 1887இல் தியடோர் ரூஸ்வெல்ட் முதலியோர் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் இந்தக் கருத்தை நெடுங்காலமாகப் பேசிவருகிறது. விலங்குக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கவேண்டும். அதன் கண்ணும் காதும் மூக்கும் எட்டாத தூரத்தில் நின்று சுட்டால் அந்த வாய்ப்பு இல்லாமல் போகிறது என்பது அதன் சாரம்.

இரண்டும் சரியான காரணங்கள்தான். ஆனால் பெண்களின் உழைப்பு வரலாற்றைப் படிக்கிறவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. இந்த வாக்குவாதத்தில் இரண்டு பேர் மட்டுமே இருக்கிறார்கள்: துப்பாக்கி ஏந்திய ஆண், அவன் எதிரே ஒரு விலங்கு. விலங்கு விழுந்ததும் கதை முடிந்துவிடுகிறது. விழுந்ததை அறுப்பது யார், சுமப்பது யார், அதன் தோலை உடுப்பாக்குவது யார், அது இல்லாமல் போனால் பசித்திருப்பது யார் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. அந்தக் கேள்விகளோடு பார்த்தால் தொலைதூரச் சூட்டின் வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது. அதற்கு நாம் 1870களின் வட அமெரிக்கப் புல்வெளிக்குப் போகவேண்டும்.

அங்கே மேய்ந்தவை பைசன்கள். நம்மூர் மலைக்காடுகளில் காட்டெருமை என்று சொல்கிறோமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்று கோடி பைசன்கள் இருந்திருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. லகோட்டா, ஷையன், குரோ, கொமான்சி, கயோவா முதலான சமவெளிப் பழங்குடிகளுக்கு உணவு, உடை, கூடாரம், கருவி எல்லாமே அதிலிருந்துதான் வந்தன. குதிரை வந்த பிறகு அவர்களுடைய ஆண்கள் ஓடும் மந்தைக்குள் புகுந்து, பக்கத்தில் ஒட்டி ஓடி, அம்பெய்து கொன்றார்கள். எய்தவன் யார் என்று தெரியும்படி அம்புகளில் அடையாளம் இருக்கும். கொன்றவனுக்கும் கொல்லப்பட்டதற்கும் நடுவே சில அடி தூரம்தான்.

கொன்ற பிறகு வேலை பெண்கள் கைக்கு வந்தது. இறைச்சியைக் கீறி வெயிலில் காயவைத்தார்கள். கொழுப்போடு சேர்த்து இடித்து மாதக்கணக்கில் கெடாத பெமிக்கன் ஆக்கினார்கள். தோலைத் தரையில் விரித்து முளையடித்து, ஒட்டியிருக்கும் சதையை எலும்புக் கருவியால் வழித்தார்கள். கொம்புப் பிடி போட்ட சுரண்டியால் கனத்தைக் குறைத்தார்கள். மூளையும் ஈரலும் கொழுப்பும் குழைத்துப் பூசி, ஊறவைத்து, இழுத்து, கயிற்றில் தேய்த்துத் தேய்த்து மெதுவாக்கினார்கள். ஒரு தோலைப் பதனிட்டு முடிக்கப் பல நாள் ஆகும். கூடாரத்துக்கான தோல்களைத் தைத்தவர்களும் பெண்களே, கூடாரத்துக்கு உரிமை உடையவர்களும் பெண்களே. ஷையன் பெண்களிடையே முள்ளம்பன்றி முள்ளால் தோலை அலங்கரிப்பதற்கென்றே மதிப்பு மிக்க ஒரு பெண்கள் குழு இருந்தது.

ஜேனட் ஸ்பெக்டர் என்ற பெண்ணியத் தொல்லியலாளர் 1993இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி வருகிறது. மினசோட்டாவில் டகோட்டா மக்கள் வாழ்ந்த ஓர் ஊரில் அவர் அகழாய்வு செய்தபோது கொம்பில் செய்த சிறிய குத்தூசிப் பிடி ஒன்று கிடைத்தது. அதில் வரிசையாகப் புள்ளிகள். பெண்கள் தாங்கள் முடித்த வேலைக்குத் தங்கள் கருவியின் பிடியிலேயே புள்ளி குத்திக் கணக்கு வைத்திருந்தார்கள் என்பதை இனவரைவியல் பதிவுகளைக் கொண்டு அவர் விளக்குகிறார். இத்தனை தோல், இத்தனை கூடாரம் என்று அந்தக் கணக்கு போகும். போர்வீரனின் கணக்கைப் போலவே அதுவும் ஊரறிய மதிக்கப்பட்டது.

இந்தக் கணக்கை நான் வெறும் கைவினைச் செய்தியாகப் பார்க்கவில்லை. எத்தனை பைசனைக் கொல்லலாம் என்பதற்கு அது ஒரு வரம்பாகவும் இருந்தது. பெண்கள் பதனிட முடிந்த அளவுக்குமேல் கொன்றால் தோல் வீண். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெள்ளை வணிகர்கள் பைசன் போர்வைகளை வாங்கத் தொடங்கியபோது அவர்களுக்குத் தட்டுப்பாடாக இருந்தது வேட்டைக்காரனின் அம்பு அல்ல, பெண்ணின் கைதான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதைப் பொற்காலமாக நினைத்துவிடக் கூடாது. போர்வைக்கு விலை கிடைத்ததும் அந்தக் கைகளின் மேல் பாரம் ஏறியது. பிளாக்ஃபுட் போன்ற சில குழுக்களில் வசதியான ஆண்கள் கூடுதலாக மனைவிகளை மணந்தார்கள். மனைவி என்றால் பதனிடும் கை என்றாகியது. பெண் பைசனின் தோல் மெல்லியது, பதனிட எளிது என்பதால் சந்தைக்காக அவையே அதிகம் கொல்லப்பட்டன. மந்தை அப்போதே குறையத் தொடங்கிவிட்டது. கிட்ட நின்று கொல்வது தானாகவே கருணையாகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. குதிரைக்கு முந்தைய காலத்தில் மந்தையை மலைவிளிம்பு வரை விரட்டிக் கீழே விழச் செய்யும் வேட்டை நடந்தது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் அப்படியோர் இடம் ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டு பயன்பட்டு, இன்று யுனெஸ்கோவின் பாரம்பரியச் சின்னமாக இருக்கிறது. விழுந்ததெல்லாம் எப்போதும் பயன்பட்டிருக்காது. ஆனாலும் கொலைக்கும் உழைப்புக்கும் நடுவே இருந்த முடிச்சு அவிழவில்லை. கொன்றவர்களும் அறுத்தவர்களும் உண்டவர்களும் ஒரே கூடாரத்தில் இருந்தார்கள்.

அந்த முடிச்சை அவிழ்த்தவை இரண்டு தூரங்கள்.

முதல் தூரம் ஆலையின் தூரம். 1870களின் தொடக்கத்தில் கிழக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த தோல் ஆலைகள் பச்சைப் பைசன் தோலை ரசாயன முறையில் பதனிட்டுத் தொழிற்சாலைத் தோலாக்கக் கற்றுக்கொண்டன. அந்தத் தோல் இயந்திரங்களைச் சுழற்றும் பட்டைகளுக்கு உதவியது. 1872இல் ரயில்பாதை கான்சாஸின் டாட்ஜ் சிட்டியை எட்டியது. இனிப் புல்வெளியில் பதனிட யாரும் வேண்டாம். தோலை உரித்து, காயப்போட்டு, வண்டியில் ஏற்றினால் போதும். பெண்ணின் கை என்ற வரம்பு ஒரேயடியாக நீங்கியது.

இரண்டாவது தூரம் துப்பாக்கியின் தூரம். ஷார்ப்ஸ் முதலிய கனத்த ரைஃபிள்களோடு வந்த தோல் வேட்டைக்காரர்கள் மந்தையைத் துரத்தவில்லை. காற்று தங்கள் வாடையை மந்தைக்குக் கொண்டுபோகாத பக்கமாக ஊர்ந்து வந்து, 100 முதல் 250 கஜத்தில் படுத்துக்கொண்டார்கள். இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் இது ஒரு தூரமே இல்லை. ஆனால் பைசனுக்கு அது போதுமான தூரம். கண்பார்வை மங்கலான அந்த விலங்குக்குப் புகை எங்கிருந்து எழுகிறது, சத்தம் எதைச் சொல்கிறது என்று புரியாது. பக்கத்தில் நிற்பது சாய்வதற்கும் அந்தச் சத்தத்துக்கும் அது தொடர்பு காணவில்லை.

வில்லியம் ஹார்னடே 1889இல் எழுதிய பைசன் அழிவு பற்றிய நூல் இந்த முறையை விளக்குகிறது. முதல் குண்டு மந்தையின் தலைவிக்கு. தலைமை தாங்கி முன்னே செல்வது பெரும்பாலும் வயதான ஒரு பெண் பைசன். அதன் இதயத்தில் சுடக் கூடாது, கால் எலும்பிலும் சுடக் கூடாது, நுரையீரலில் சுடவேண்டும். அப்போது அது துள்ளி ஓடாமல் ரத்தம் ஒழுக நின்றுகொண்டிருக்கும். மற்றவை அதைச் சுற்றி வந்து முகர்ந்து பார்க்கும். வேறொன்று தலைமையேற்று நடக்கப் பார்த்தால் அடுத்த குண்டு அதற்கு. இப்படி நிறுத்திவைத்து ஒரே இடத்தில் படுத்தபடி மந்தை முழுவதையும் கொல்லலாம். தாயை இழந்த கன்றின் தோலுக்கு விலையில்லை. பட்டினியால் அவை செத்தன.

இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். இந்தத் திறமை துப்பாக்கியில் மட்டும் இல்லை. மந்தைக்குள் இருந்த தாய்வழித் தலைமையையும், ஒன்று விழுந்தால் மற்றவை விட்டுப் போகாத பிணைப்பையும் தெரிந்துகொண்டு அவற்றையே கண்ணியாக மாற்றியதில் இருக்கிறது. அப்படிச் செய்ய விலங்கின் புலனுக்கு எட்டாத தூரம் தேவைப்பட்டது.

இராணுவ அதிகாரியான ரிச்சர்ட் டாட்ஜ் திரட்டிய கணக்கின்படி 1872 முதல் 1874 வரை மூன்றே ஆண்டுகளில் ரயில்களில் போன தோல்கள் 13,78,359. அவருடைய கணிப்பில், 1872இல் சந்தைக்குப் போன ஒவ்வொரு தோலுக்கும் மூன்று விலங்குகள் செத்திருந்தன. சரியாக உரிக்கத் தெரியாமல் கிழிந்தவையும், அடிபட்டு எங்கோ போய்ச் செத்தவையும் கணக்கில் ஏறாதவை. கொம்புப் பிடியில் இருந்த கணக்கு முடிந்த வேலையின் கணக்கு. இங்கே முடிந்ததற்கும் கொன்றதற்கும் ஒன்றுக்கு மூன்று என்ற இடைவெளி.

இதைத் தடுக்க ஒரு முயற்சி நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1874இல் இல்லினாய் மாநிலத்துப் பிரதிநிதி கிரீன்பரி ஃபோர்ட் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஒன்றிய அரசின் நேரடி ஆட்சியில் இருந்த பிரதேசங்களில், பழங்குடி அல்லாத எவரும் எந்த வயதுப் பெண் பைசனையும் கொல்வது குற்றம் என்றது அது. பழங்குடிகளின் உணவை அழித்து அவர்களைப் பட்டினி போட்டு நாகரிகப்படுத்துவதை ஏற்கமாட்டேன் என்ற பொருளில் ஃபோர்ட் வாதிட்டார். பைசன் இருக்கும்வரை பழங்குடிகள் அடங்கமாட்டார்கள் என்ற எண்ணம் அன்று ஆட்சியாளர்களிடமும் இராணுவத்திடமும் வலுவாக இருந்தது.

அந்த விவாதத்தில் நியூயார்க் பிரதிநிதி சாமுவேல் காக்ஸ் எழுப்பிய ஆட்சேபணையை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஓடும் பைசன் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, பழைய வேட்டைக்காரர்களே தன்னிடம் அப்படிச் சொன்னதாக அவர் கூறினார். ஆக, பெண்ணைக் கொல்லாதே என்று சட்டம் போட்டால் வேட்டைக்காரன் என்ன செய்வான் என்பது கேள்வி.

இந்த ஆட்சேபணையைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். மந்தையின் தலைவி எது என்று கண்டுபிடித்து அதன் நுரையீரலில் குறிவைக்கத் தெரிந்தவர்கள் தொழில் வேட்டைக்காரர்கள். சுடுவதற்குத் தேவைப்பட்டபோது பெண் கண்ணுக்குத் தெரிந்தது. காப்பதற்கு என்றதும் தெரியாமல் போயிற்று. உண்மையிலேயே தெரியாத தூரம் என்று வைத்துக்கொண்டாலும் முடிவு வேறாகத்தான் இருந்திருக்கவேண்டும். யாரைச் சுடுகிறோம் என்று தெரியாத தூரம் சுடக் கூடாத தூரம். தெரியவில்லை என்பது விலகி நிற்கக் காரணமாகவேண்டும். அங்கே அது சுடுவதற்கு அனுமதியாயிற்று. இன்றைய வேட்டைக்காரர்களின் வாக்குவாதத்துக்கு வரலாறு தரும் தெளிவான பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மசோதா இரண்டு சபைகளிலும் நிறைவேறியது. செனட்டில் நிறைவேறிய நாள் 1874 ஜூன் 23. குடியரசுத் தலைவர் யுலிசிஸ் கிராண்ட் கையெழுத்துப் போடாமலே விட்டுவிட்டார். அதோடு அது காலாவதியானது.

அதே வாரம், ஜூன் 27ஆம் தேதி, டெக்சாஸின் வடபகுதியில் அடோபி வால்ஸ் என்ற இடத்தில் தோல் வேட்டைக்காரர்கள் முகாமிட்டிருந்த வணிகக் கடைகளைக் கொமான்சி, கயோவா, ஷையன் வீரர்கள் தாக்கினார்கள். தங்கள் உயிராதாரத்தை அழிப்பவர்களை விரட்டுவதே நோக்கம். பைசனைச் சுட வைத்திருந்த அதே ரைஃபிள்கள் அவர்கள்மீது திரும்பின. ஓரிரு நாள் கழித்து, பில்லி டிக்ஸன் என்ற வேட்டைக்காரன் தொலைவில் குன்றின்மேல் குதிரையில் இருந்த ஒரு வீரனைச் சுட்டு வீழ்த்தினான். அந்தத் தூரம் 1,538 கஜம், அதாவது ஏறத்தாழ 1,400 மீட்டர் என்று பின்னர் சொல்லப்பட்டது. அது குருட்டாம்போக்கில் பட்டது என்று டிக்ஸனே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனாலும் தொலைதூரச் சூட்டைப் போற்றுகிறவர்கள் இன்றும் முதலில் சொல்லும் கதை அதுதான். தூரம் நினைவிருக்கிறது, குதிரையிலிருந்து விழுந்தவரின் பெயரைக் கதை சொல்வதில்லை. டிக்ஸன் 1913இல் இறந்தபின் அவருடைய வாழ்க்கைக் கதை நூலாக நிலைத்ததில் மனைவி ஆலிவ் டிக்ஸனுக்குப் பெரும் பங்குண்டு. ஆண்களின் சூட்டுக் கதையைப் பாதுகாத்து வைக்கும் வேலையும் ஒரு பெண்ணுக்கே வந்தது.

1883 வாக்கில் வடக்கு மந்தையும் முடிந்தது. ஹார்னடே 1889இல் எண்ணிச் சொன்ன மொத்தம், அடைத்து வளர்த்தவற்றையும் சேர்த்து, 1,091. மிஞ்சியிருந்தவற்றில் சிலவற்றை 1886இல் அருங்காட்சியகத்துக்காக மொன்டானாவில் சுட்டுக் கொண்டுவந்தவரும் இதே ஹார்னடேதான்.

குரோ இனத்து மருத்துவப் பெண் பிரெட்டி ஷீல்டு முதுமையில் ஃபிராங்க் லிண்டர்மனிடம் சொன்ன வாழ்க்கை 1932இல் நூலாக வந்தது. வெள்ளையர்கள் கொன்று போட்டு, சிதறி அழுகிக் கிடந்த பைசன்களைப் பற்றி அவர் அதில் பேசுகிறார். யார் எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பது அவர் பேச்சில் இல்லை. கிடந்ததையும், அதற்குப் பிறகு வாழ்க்கையில் இல்லாமல் போனதையும் சொல்கிறார். ஒரே நிகழ்வைத் துப்பாக்கியின் பின்புறத்திலிருந்து பார்ப்பதற்கும், குண்டு போய் விழுந்த இடத்திலிருந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

பெண்கள் இரக்கமுள்ளவர்கள், ஆண்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. பைசன் போர்வை போர்த்திக்கொண்டவர்களில் நகரத்துப் பெண்களும் உண்டு. 1878இல் டெக்சாஸில் மேரி ஆன் குட்நைட் அனாதைக் கன்றுகளைப் பிடித்து வளர்க்கச் செய்தார்; அவற்றின் சந்ததி இன்று அந்த மாநிலத்தின் கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் மேய்கிறது. அந்தக் கன்றுகள் உயிர்பிழைத்தது அவரால். பைசனும் கொமான்சிகளும் அகற்றப்பட்ட நிலத்தில்தான் அவர் குடும்பத்தின் மாட்டுப் பண்ணை எழுந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும். இன்று துப்பாக்கி ஏந்தும் பெண்களும் ஏராளம். ஆயிரம் கஜத்திலிருந்து சுடுவது பெண் என்பதால் கேள்வி மாறிவிடாது.

கேள்வி தூரத்தைப் பற்றியதுதான், ஆனால் கஜக்கணக்கில் மட்டும் அளக்கக் கூடிய தூரம் அல்ல. சுட்டவருக்கும் அறுத்தவருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? கொன்றதற்கும் பயன்பட்டதற்கும் நடுவே? முடிவெடுத்தவருக்கும் பசித்தவருக்கும் நடுவே? இவை நீளும்போது துப்பாக்கியின் தூரமும் கூடவே நீள்கிறது. நல்ல குறி, நல்ல கருவி என்று சொல்லி அதை நியாயப்படுத்துவதும் எளிதாகிறது.

நம் நூலகங்களிலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் எழுதிய வேட்டை நினைவுக் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. ஆய்வு மாணவிகள் அவற்றைத் திறக்கும்போது, எத்தனை கஜத்திலிருந்து சுட்டேன் என்று வரும் வரியின் அருகில் பென்சிலால் மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளலாம். அடிபட்டு ஓடியதைத் தேடிப் போனவர் யார்? உரித்துச் சுமந்தவர் யார்? அந்த வீட்டில் அதைச் சமைத்தவர் யார்? பல பக்கங்களில் பதில் இருக்காது. பதில் இல்லாத பக்கங்களையும் எண்ணி வையுங்கள். அதுவும் ஒரு கணக்கு.